பெட்டியில் கம்பனியின் பெயர், உள்ளே யாருடைய வேலை?

அப்புத்தளையில் பாடசாலை வேன் ஓட்டும் ஒருவர் இங்கே கேட்டிருக்கிறார். ஜப்பானிலிருந்து ரீகண்டிஷனாக வந்த வேன். முன் சக்கரங்களுக்குக் கம்பனிப் பெட்டியில் வந்த பிரேக் பேட்டைத்தான் போட்டிருக்கிறார், மூன்று மாதத்தில் தேய்ந்துவிட்டது. அந்த மொடலுக்கு எயார்பேக் மாற்றச் சொல்லிக் கம்பனியே வாகனங்களைத் திருப்பி அழைத்திருப்பதாகவும் யாரோ சொல்லியிருக்கிறார்கள். "இவ்வளவு பெரிய கம்பனி பாகங்களை ஏன் வெளியே கொடுத்துச் செய்விக்கிறது? வருவதைச் சோதிக்காமலா பூட்டுகிறார்கள்?" என்பது அவர் கேள்வி. காலையில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பெரகலைப் பக்கம் இறங்கும்போது காலடியில் இருக்கும் பிரேக்கை நம்பலாமா என்பதைத்தான் அவர் உண்மையில் கேட்கிறார் என்று எனக்குப் படுகிறது. அதை மனதில் வைத்தே பதில் எழுதுகிறேன்.

நான் பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவன். பியகம சுதந்திர வர்த்தக வலயத்தில் வெளிநாட்டு வாகனக் கம்பனிகளுக்கு ரப்பர் பாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் தரப் பிரிவில் ஒன்பது வருடம் இருந்தேன். அப்புறம் ஹட்டனுக்குத் திரும்பி வந்து கராஜ் வைத்திருக்கிறேன். அதனால் வெளியே கொடுத்துச் செய்யும் பாகத்தைச் செய்த பக்கமும் தெரியும், அதே பாகம் உடைந்து வரும்போது கழற்றும் பக்கமும் தெரியும். ரப்பர், பிரேக் பற்றிச் சொல்வது கைப்பட்ட அனுபவம். எயார்பேக் பற்றிச் சொல்வது விசாரணைகளில் வெளியான விஷயங்களைப் படித்து அறிந்தது. அந்த இரண்டையும் ஒரே எடையாக எடுக்க வேண்டாம்.

முதலில், ஏன் வெளியே கொடுக்கிறார்கள்? ஆணி, திருகு எல்லாம் சேர்த்து எண்ணினால் ஒரு காரில் ஏறத்தாழ 30,000 பாகங்கள் உண்டு. கண்ணாடி, ரப்பர், இலத்திரனியல், இருக்கைத் துணி, எயார்பேக்குக்குள் வெடிக்கும் மருந்து என்று ஒவ்வொன்றும் தனித் தொழில். எல்லாவற்றையும் ஒரே கம்பனி கற்றுக்கொண்டு நன்றாகச் செய்வது நடக்காத காரியம். பத்துக் கம்பனிகளுக்குப் பிரேக் பேட் மட்டுமே செய்கிறவனுக்குப் பிரேக் பேட் பற்றித் தெரிந்தது, காரைக் கூட்டிப் பூட்டுகிறவனுக்குத் தெரியாது. ஆகவே வெளியே கொடுப்பதே தப்பு என்று நான் சொல்லமாட்டேன். என் கையால் கழற்றிய பாகங்களில் இருபது வருடம் உழைத்தும் குறையில்லாதவை ஏராளம், அவற்றில் பெரும்பகுதி வெளியே செய்யப்பட்டவைதான்.

சோதிக்கிறார்களா என்றால், சோதிக்கிறார்கள். ஒரு புதிய பாகத்துக்கு ஒப்புதல் வாங்க வரைபடம், அளவுப் பதிவு, மூலப்பொருள் சான்றிதழ், எந்த இடத்தில் என்ன தவறலாம் என்ற ஆய்வு, மாதிரித் துண்டு என்று ஒரு தடித்த கோப்பையே அனுப்ப வேண்டும். தொழிற்சாலையில் அதை 'பீபேப்' என்போம். அதற்கு மேல் வாகனத் தொழிலுக்கென்றே ஐஏடிஎஃப் 16949 என்ற தரக் கட்டளை 2016இலிருந்து இருக்கிறது. கணக்காய்வுக்கு ஆட்கள் வருவார்கள், மேசையைத் துடைப்போம், கோப்பு எடுத்துக் காட்டுவோம். இதெல்லாம் வெறும் சடங்கு என்று நினைக்க வேண்டாம், இவை இல்லாத காலத்தில் நிலைமை இன்னும் மோசமாக இருந்தது.

ஆனால் ஒப்புதல் கிடைத்த பின்பு மாதாமாதம் வரும் சரக்கை ஒவ்வொன்றாக யாரும் பார்ப்பதில்லை. சில துண்டுகளை எடுத்துப் பார்ப்பார்கள். இதில் ஒரு எளிய கணக்கு இருக்கிறது. நூற்றுக்கு ஒன்று பழுதான ஒரு தொகுதி வருகிறது என்று வையுங்கள். அதில் 50 துண்டுகளை எடுத்துப் பார்த்தால், ஒன்றுகூடப் பழுதில்லாமல் கைக்கு வரும் வாய்ப்பு ஏறத்தாழ 60 வீதம். அதாவது பத்தில் ஆறு தடவை அந்தத் தொகுதி 'நல்லது' என்று முத்திரை வாங்கி உள்ளே போய்விடும். பழுது ஆயிரத்துக்கு ஒன்றாக இருந்து நீங்கள் 200 துண்டுகள் பார்த்தாலும், 80 வீதத்துக்கு மேல் தப்பிவிடும். 30,000 பாகங்களும் பத்தாயிரத்துக்கு ஒன்று என்ற அளவில் பழுதானால், சராசரியாக ஒவ்வொரு காரிலும் மூன்று பழுதுப் பாகங்கள் இருக்கும். அதனால்தான் இந்தத் தொழிலில் பழுதைப் பத்து லட்சத்துக்கு எத்தனை என்று எண்ணுகிறார்கள். அந்த அளவுப் பழுதை வாசலில் நின்று பொறுக்கிப் பிடிக்க முடியாது. செய்கிற இடத்திலேயே பழுது பிறக்காமல் பார்க்க வேண்டும்.

இன்னொரு சிக்கல், எது மிக முக்கியமோ அதைச் சோதித்தால் பாகம் போய்விடும். எயார்பேக் வெடிக்குமா என்று பார்க்க வெடிக்கத்தான் வைக்க வேண்டும். ரப்பர் இரும்போடு நன்றாகப் பிடித்திருக்கிறதா என்று பார்க்கப் பிய்த்துத்தான் பார்க்க வேண்டும். பிய்த்ததை விற்க முடியாது. வெளியே தெரிகிற நீளம், அகலம், நிறம் எல்லாவற்றையும் ஆயிரம் தடவை அளக்கலாம், உயிரைக் காக்கும் குணம் உள்ளே ஒளிந்திருக்கும்.

எங்கள் தொழிற்சாலையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் சஸ்பென்ஷன் கைக்குப் போகும் புஷ் செய்தோம். நடுவில் ஓர் இரும்புக் குழாய், சுற்றி ரப்பர். குழாய்கள் வெளியே ஒரு சிறிய பட்டறையிலிருந்து வரும். நாங்கள் அவற்றைக் கழுவி, மணல் அடித்து, பசை பூசி, அச்சில் வைத்து ரப்பர் ஏற்றுவோம். ஒரு மழைக்காலத்தில் குழாய்கள் மெல்லிய துருவோடு வந்தன. நாங்கள் பட்டறைக்காரரைக் கடுமையாக ஏசினோம். அடுத்த மாதம் துருவே இல்லை. எல்லோருக்கும் சந்தோஷம். நாலு மாதம் கழித்து வெளிநாட்டிலிருந்து முறைப்பாடு வந்தது, ரப்பர் குழாயை விட்டுக் கழன்று வருகிறது என்று. எங்கள் பதிவேட்டில் ஒவ்வொரு தொகுதியிலும் ஐந்து துண்டு பிய்த்துப் பார்த்திருந்தோம், ஐந்தும் தேறியிருந்தன. இரவு பகலாகத் தேடிக் கடைசியில் பட்டறையில் போய் நின்றபோதுதான் தெரிந்தது. துருப்பிடிக்கக் கூடாதே என்று அவர் காப்பு எண்ணெயை மாற்றியிருக்கிறார். புதிய எண்ணெய் நல்லதுதான், ஆனால் எங்கள் கழுவும் தொட்டியில் அது முழுதாகப் போகவில்லை. தொட்டித் தண்ணீர் புதிதாக இருக்கும் காலையில் கழுவியவை பிடித்தன. பின்னேரம் கழுவியவை பிடிக்கவில்லை. நாங்களோ பிய்த்துப் பார்க்கும் துண்டுகளைக் காலை வேலையிலிருந்தே எடுத்துக்கொண்டிருந்தோம்.

அந்தப் பட்டறைக்காரர் யாரையும் ஏமாற்றவில்லை. நாங்கள் கேட்டதைச் செய்தார், ஆனால் செய்ததைச் சொல்லவில்லை. எண்ணெயை மாற்றினால் சொல்ல வேண்டும் என்று நாங்களும் அவருக்கு எழுதிக் கொடுத்திருக்கவில்லை. ஒன்பது வருடத்தில் நான் பார்த்த பெரிய பழுதுகள் அநேகமாக இப்படி வந்தவைதான். கீழே, இரண்டாம் மூன்றாம் கைமாற்றில், யாரோ ஒருவர் சின்னதாக எதையோ மாற்றுவார். மேலே இருப்பவருக்குச் சேதி வராது. கம்பனிக்கு எங்களைத் தெரியும், எங்களுக்குப் பட்டறையைத் தெரியும், பட்டறை எண்ணெய் வாங்கும் கடையை யாருக்குமே தெரியாது.

மலையகத்து ஆட்களுக்கு இதை விளங்கவைக்க எனக்குத் தேயிலைக் கொழுந்துச் சாக்கைவிட நல்ல உதாரணம் கிடைக்கவில்லை. சிறு தோட்டக்காரர்களிடம் கொழுந்து வாங்கும் தொழிற்சாலைக்கு லொறியில் சாக்குகள் வரும். மேலே இரண்டு இலையும் மொட்டுமாக அழகாக இருக்கும். அனுபவமுள்ளவர் மேலே பார்க்கமாட்டார், சாக்கின் நடுவில் கையை முழங்கை வரை விடுவார். அழுத்திக் கட்டிய சாக்கில் நடுக்கொழுந்து சூடேறிச் சிவந்திருக்கும், அடியில் முற்றிய இலை கிடக்கும். கை சுட்டால் அந்தச் சாக்கைத் தனியே வைத்துவிட்டு லொறிக்காரரிடம் கேட்பார்: எந்த வழியாக வந்தாய், எவ்வளவு நேரம் நின்றாய், யாருடைய கொழுந்து இது? நல்ல தரப் பரிசோதகர் கேட்க வேண்டியதும் அந்தக் கேள்விகளைத்தான்.

இப்போது எயார்பேக். டகாட்டா என்ற ஜப்பானியக் கம்பனி பல வாகனக் கம்பனிகளுக்கு எயார்பேக் செய்து கொடுத்தது. அதை ஊதவைக்கும் மருந்தில் அம்மோனியம் நைத்திரேற்று இருந்தது. வருடக்கணக்கில் ஈரமும் வெப்பமும் ஏறி இறங்க அந்த மருந்து சிதையும். பின்னர் விபத்தில் அளவுக்கு மீறி வேகமாக எரியும், இரும்புக் கூடு வெடித்துத் துண்டுகள் முகத்திலும் கழுத்திலும் பாயும். ஹொண்டா 2008இல் கொஞ்சக் கார்களை மட்டும் திருப்பி அழைத்தது. அங்கே தொடங்கி அமெரிக்காவில் மட்டும் ஏறத்தாழ 6 கோடி 70 லட்சம் இன்ஃப்ளேட்டர்கள், அதாவது எயார்பேக்கை ஊதவைக்கும் கூடுகள், வரை போனது. 2017 ஜனவரியில் டகாட்டா குற்றத்தை ஒப்புக்கொள்ளவும் 100 கோடி டொலர் செலுத்தவும் இணங்கியது, அதே வருடம் ஜூனில் வங்குரோத்துக்கு விண்ணப்பித்தது. குற்றம் என்னவென்றால், சோதனை முடிவுகளைத் திருத்தி வாகனக் கம்பனிகளுக்குக் கொடுத்தது. வாசலில் எத்தனை பேரை நிறுத்திச் சோதித்தாலும் இதைப் பிடிக்க முடியாது. கோப்பே பொய்யாகிவிட்டது.

என்னை அதிகம் பாதித்தது அதிலுள்ள ஒரு சின்ன விஷயம். மருந்தை வில்லையாக அழுத்தும் இயந்திரத்தில், சரியாக அழுந்தாத வில்லையைத் தானாகவே ஒதுக்கித் தள்ளும் ஒரு வசதி இருந்தது. ஆனால் அதைக் கையால் அணைத்து வைக்கவும் முடிந்தது. அணைந்திருந்த வேளைகளில் சரியாக அழுந்தாத வில்லைகள் உள்ளே போயிருக்கலாம் என்று டகாட்டா பிற்பாடு அறிவித்தது. எங்கள் தொழிற்சாலையிலும் அப்படி ஒரு சுவிட்ச் இருந்தது. இலக்கு எட்டாத நாளில் அதை அணைக்கச் சொல்லும் குரல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். வாகனக் கம்பனி ஒவ்வொரு வருடமும் விலையைக் குறை என்று கேட்கும், குறைத்த விலை கடைசியில் அந்த இயந்திரத்தின் முன்னால் நிற்கும் ஆளின் தலையில்தான் இறங்கும்.

இதே மாதிரி இன்னும் இரண்டைச் சொல்லலாம். ஜெனரல் மோட்டர்ஸ் கார்களின் சாவி சுவிட்ச் மிக இலேசாகத் திரும்பிவிட்டது. ஓடும்போதே சாவி நழுவினால் எஞ்சின் நிற்கும், எயார்பேக்கும் வேலை செய்யாது. வெளியே செய்து கொடுத்த கம்பனி அந்த சுவிட்ச் குறித்த அளவுக்கு இறுக்கமாக இல்லை என்று தெரிவித்திருந்தும் 2002இல் அது ஒப்புதல் பெற்றது. 2006இல் சுவிட்சைத் திருத்தினார்கள், ஆனால் பாக இலக்கத்தை மாற்றவில்லை. பழையதும் புதியதும் ஒரே இலக்கத்தில் இருந்ததால், விபத்துகளை ஆராய்ந்தவர்களுக்கு நீண்ட காலம் காரணம் பிடிபடவில்லை. 2014இல்தான் 26 லட்சம் வாகனங்களைத் திருப்பி அழைத்தார்கள். 124 மரணங்களுக்கு நட்டஈடு கொடுக்கப்பட்டது. அதே 2014இல் அஸ்டன் மார்ட்டின் 17,590 கார்களைத் திருப்பி அழைத்தது. வேகமிதியின் கை உடையலாம் என்று கண்டுபிடித்துப் பார்த்தால், டுபொன்ட் கம்பனியின் பிளாஸ்டிக் என்ற பெயரில் வந்தது போலி. அதை வார்த்தது சீனாவில், பல கை தாண்டி இருந்த ஒரு பட்டறை. கோடிக்கணக்கில் விலை போகும் காருக்கே அந்தக் கதி என்றால், விலை உயர்ந்த பெயர் மட்டும் காப்பாற்றாது என்பது விளங்கும்.

சரி, உங்கள் வேனுக்கு வருவோம். எயார்பேக் விஷயத்தைத் தள்ளிப்போட வேண்டாம். செஸி இலக்கத்தை எடுத்துக்கொண்டு அந்தக் கம்பனியின் உள்ளூர் முகவரிடம் கேளுங்கள். ஜப்பானில் விற்ற வாகனங்களுக்குக் கம்பனிகளின் ஜப்பானிய இணையத்தளத்திலும் செஸி இலக்கத்தைப் போட்டுப் பார்க்கும் வசதி உண்டு. மருந்து வெப்பமும் ஈரமும் சேர்ந்த இடங்களில் வேகமாகச் சிதையும் என்பது நிச்சயமான விஷயம், மலேசியாவில் இதனால் உயிர்கள் போயிருக்கின்றன. அப்புத்தளைக் குளிரில் நிற்கும் வேனில் அது மெதுவாக நடக்கும் என்பது என் ஊகம் மட்டுமே. அதை நம்பி இருந்துவிடாதீர்கள், உங்களிடம் வருவதற்கு முன் அது எந்த வெயிலில் நின்றதென்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இன்னொன்று, தெரிந்த கராஜ் பாஸ் ஒருவர் பழைய வாகனத்திலிருந்து கழற்றிய எயார்பேக்கை மாட்டித் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். கழற்றியதும் அதே தொகுதியைச் சேர்ந்ததாக இருக்கலாம்.

பிரேக் பேட்டில் நான் உடனே பாகத்தைக் குற்றம் சொல்லமாட்டேன். மூன்று மாதத்தில் தேய்ந்த பேட் என் கராஜுக்கு வந்தால் முதலில் உள்பக்கப் பேட்டையும் வெளிப்பக்கப் பேட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். ஒன்று மட்டும் அதிகம் தேய்ந்திருந்தால் அநேகமாகக் கலிப்பரில், அதாவது பேட்டைச் சக்கரத்தின் டிஸ்க் மேல் அழுத்தும் பாகத்தில், அது வழுக்கி நகரும் ஊசி ('பின்') இறுகியிருக்கும், வட்டவளைப் பக்கத்து மழையில் ஓடும் வாகனங்களில் இது அடிக்கடி வரும். இரண்டும் சமமாகத் தேய்ந்து டிஸ்க் நீலம் பாய்ந்திருந்தால் சூடு, அதாவது இறக்கத்தில் கியரைக் குறைக்காமல் பிரேக்கிலேயே காலை வைத்து இறங்கியிருக்கிறார்கள், அல்லது வேனில் சுமை அதிகம். உராய்வுப் பொருள் ஓரத்தில் நொறுங்கியிருந்தாலோ, இரும்புத் தகட்டை விட்டுப் பெயர்ந்திருந்தாலோதான் பேட்டின் மேல் என் சந்தேகம் போகும். எங்கள் புஷ் கதையேதான் அங்கேயும், ஒட்டாத இடத்தில் துரு ஏறி மெல்லப் பிளக்கும்.

வாங்கும்போது பெட்டியை மட்டும் பார்க்காதீர்கள், பேட்டையே பாருங்கள். பல பேட்களின் ஓரத்திலோ தகட்டின் முதுகிலோ இரண்டு எழுத்துகள் அடித்திருக்கும், எஃப் எஃப், ஜி எஃப் என்பது போல. முதல் எழுத்து சாதாரணச் சூட்டில் உராய்வு எவ்வளவு என்பது, இரண்டாவது அதிகச் சூட்டில் எவ்வளவு என்பது. நம் இறக்கங்களுக்கு இரண்டாவது எழுத்துத்தான் முக்கியம். அது ஈ என்று இறங்கியிருந்தால் நான் போடமாட்டேன். ஐரோப்பாவுக்குப் போகும் மாற்றுப் பேட்களில் வட்டத்துக்குள் ஈ எழுத்தும் ஒரு நாட்டு எண்ணும் இருக்கும், இந்த ஈ வேறு, அது ஆர் 90 என்ற விதிப்படி அசல் பேட்டின் வேலையிலிருந்து 15 வீதத்துக்கு மேல் விலகவில்லை என்று சோதித்த அடையாளம். இந்த எழுத்துகளையும் போலியாக அடிக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் எந்த அடையாளமும் தொகுதி இலக்கமும் இல்லாத பேட்டைவிட, தேடிப்போய்க் கேள்வி கேட்க ஒரு முகவரியாவது உள்ள பேட் மேல். "அசல் பேட் செய்கிற அதே கம்பனிதான் இதையும் செய்கிறது" என்று கடையில் சொன்னால் அது உண்மையாகவே இருக்கலாம். ஆனாலும் ஒரே கம்பனி வாகனத் தொழிற்சாலைக்கு ஒரு கலவையும் கடைக்கு வேறொரு கலவையும் செய்வது வழமை. செய்தவர் ஒருவரே என்பதால் பாகமும் ஒன்றே ஆகிவிடாது.

படம் அனுப்பினால் போலியா அசலா என்று சொல்வீர்களா என்றும் கேட்டிருந்தீர்கள். முடியாது, சொன்னால் அது பொய்யாகிவிடும். அச்சுப் பிழை, மங்கிய எழுத்து மாதிரி மட்டமான போலியைப் படத்தில் பிடிக்கலாம். நல்ல போலியையும் நல்ல அசலில் வந்த பழுதையும் கையில் வைத்து அளந்தும் சில வேளை எனக்குப் பிடிபட்டதில்லை. வெட்டிச் சோதிக்கும் கூடத்தில்தான் அது தெரியும்.

ஆகவே கழற்றிய அந்த நாலு பேட்டையும் குப்பையில் போடாதீர்கள். எது எந்தச் சக்கரம், எது உள்பக்கம் வெளிப்பக்கம் என்று எழுதி ஒட்டி, பெட்டியையும் பற்றுச்சீட்டையும் சேர்த்து வையுங்கள். பெட்டியிலுள்ள தொகுதி இலக்கத்தை இங்கே போடுங்கள், அதே இலக்கத்தில் வேறு யாருக்காவது இப்படி ஆகியிருந்தால் அவர்களும் சொல்லட்டும். அதுவரை காலையில் பிள்ளைகளை ஏற்றுமுன் வேனை ஒரு சின்ன இறக்கத்தில் வெறுமையாக இறக்கிப் பாருங்கள், பெரகலைப் பக்கம் இறங்கும்போது இரண்டாம் கியருக்கு மேல் போடாதீர்கள். ஹட்டன் பக்கம் வர முடிந்தால் பேட்களைக் கொண்டுவாருங்கள், கலிப்பரைக் கழற்றி இரண்டு பக்கத்துப் பின்னையும் நானே பார்க்கிறேன்.